வேண்டாம் என்று சொல்லக் கற்றுக்கொடுப்பது யார்?



சென்ற மாதம் நமது ஊர் அரசு மேல்நிலைப் பள்ளியின் தலைமை ஆசிரியையிடமிருந்து அறக்கட்டளைக்கு ஒரு கடிதம் வந்தது. எட்டாம், ஒன்பதாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு வளரிளம் பருவம் பற்றிச் சில வகுப்புகள் நடத்த நினைக்கிறார். அங்கே படிப்பவர்களில் பாதிக்கு மேல் நமது பிள்ளைகள். ஆகவே பெற்றோரிடம் எடுத்துச் சொல்லவும், படித்த பெண்கள் இருவரைத் துணைக்கு அனுப்பவும், ஆகும் செலவில் ஒரு பங்கை ஏற்கவும் முடியுமா என்று கேட்டிருந்தார்.

நிர்வாகக் கூட்டத்தில் இதை வைத்தபோது ஒன்றரை மணி நேரம் பேசினோம். தெரியாத பிள்ளைக்கு நாமே தெரிய வைப்பானேன் என்றார்கள் சிலர். நடத்தட்டும், ஆனால் 'கூடாது' என்பதை மட்டும் சொல்லி, பிள்ளைகளிடம் ஓர் உறுதிமொழி வாங்கிவிட்டால் போதும் என்றார்கள் வேறு சிலர். பள்ளிக்கூடத்து வேலையைப் பள்ளிக்கூடம் பார்க்கட்டும், நமக்கென்ன என்றும் ஒரு குரல் எழுந்தது. முடிவெடுக்காமல் துஆ ஓதிக் கலைந்தோம். விஷயத்தைப் படித்துப் பார்த்து எழுதும் பொறுப்பு செயலாளர் தலையில் விழுந்தது. படித்ததை இங்கே உங்கள் முன் வைக்கிறோம்.

ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறோம். நிக்காஹ்வுக்கு முன் உறவு ஹராம் என்பதில் நமக்குள் இரண்டு கருத்து கிடையாது. அதை ஒரு பிள்ளை கடைப்பிடிக்கும்படி எப்படிச் சொல்லிக் கொடுப்பது என்பதுதான் கேள்வி. திருமணம் வரை விலகியிருங்கள் என்று பள்ளியில் நடத்தும் பாடத்தை இக்கட்டுரையில் தன்னடக்கக் கல்வி என்று குறிப்பிடுகிறோம். அரசுப் பள்ளிகளில், ஊர்க் குழுக்களும் சமய அமைப்புகளும் துணை நிற்க, அரசாங்கமே பணம் கொடுத்து இதைப் பெரிய அளவில் நடத்திப் பார்த்த நாடு அமெரிக்கா. "அமெரிக்காக்காரனிடமா ஒழுக்கம் படிக்கப் போகிறோம்?" என்று கூட்டத்தில் ஒரு பெரியவர் கேட்டார். ஒழுக்கம் படிக்கப் போகவில்லை. அவர்கள் செய்து பார்த்திருக்கிறார்கள், செய்ததை எண்ணிப் பார்த்திருக்கிறார்கள், தோற்ற கணக்கையும் மறைக்காமல் அச்சிட்டு வைத்திருக்கிறார்கள். அடுத்தவர் செலவில் கிடைக்கும் அனுபவத்தை விடுவானேன்.

நூற்றுக்கு 84 பேர் கேட்டது

1980களின் தொடக்கத்தில் அட்லாண்டா நகரத்தின் கிரேடி மெமோரியல் மருத்துவமனையில் மரியன் ஹோவர்ட் என்ற பெண்மணி வளரிளம் பெண்களுக்கான பணியில் இருந்தார். அங்கே 16 வயதும் அதற்குக் கீழும் உள்ள, ஏற்கெனவே உறவில் ஈடுபட்டிருந்த ஆயிரத்துக்கும் மேற்பட்ட பெண் பிள்ளைகளிடம் ஒரு பட்டியலைக் கொடுத்து, இவற்றில் எதைப் பற்றி உங்களுக்குக் கூடுதலாகத் தெரிய வேண்டும் என்று கேட்டார்கள். நூற்றுக்கு 84 பேர் குறித்துக் கொடுத்தது ஒரே விஷயம்: எதிரில் இருப்பவர் மனம் நோகாமல் 'வேண்டாம்' என்று சொல்வது எப்படி?

இந்த எண்ணைப் படித்தபோது சற்று நேரம் மேலே படிக்க முடியவில்லை. அந்தப் பிள்ளைகளுக்குக் கூடாது என்பது தெரியாமல் இல்லை. விருப்பமும் பலருக்கு இருக்கவில்லை. சொல்லத் தெரியவில்லை, அவ்வளவுதான். நமது வீட்டுப் பெண் பிள்ளைகளுக்கு நாம் சொல்லிக் கொடுப்பது என்ன? பெரியவர் பேச்சுக்கு எதிர்ப்பேச்சு பேசாதே, சொன்னதைக் கேள், முகத்தில் அடித்தாற்போல் பேசாதே. நல்ல பழக்கங்கள்தான். ஆனால் அதே பிள்ளையிடம் தெருமுனையில் ஒருவன் நைச்சியமாகப் பேசும்போது மட்டும் திடீரென்று உறுதியாகப் பேச அதற்கு எங்கிருந்து வரும்?

ஹோவர்டும் அவரோடு இருந்தவர்களும் எட்டாம் வகுப்புப் பிள்ளைகளுக்காக ஐந்து வகுப்புகள் கொண்ட ஒரு பாடத்தை அமைத்தார்கள். நடத்தியவர்கள் ஆசிரியர்கள் அல்லர். அதே ஊர் மேல்நிலைப் பள்ளிகளில் 11, 12ஆம் வகுப்பு படித்த அண்ணன்மாரும் அக்காமாரும்தான். யார் நிர்ப்பந்திக்கிறார்கள், என்ன சொல்லி மயக்குகிறார்கள், அதற்கு என்ன பதில் சொல்லலாம் என்பதை நடித்துக் காட்டி, பிள்ளைகளையும் வாய்விட்டுச் சொல்ல வைத்தார்கள். உடல், நோய், கர்ப்பம் பற்றிய செய்திகளை மருத்துவமனை ஊழியர்கள் தனி வகுப்பில் சொன்னார்கள். இந்தப் பாடத்தைப் படித்தவர்களில் ஒன்பதாம் வகுப்பு முடிவதற்குள் உறவில் ஈடுபட்டவர்கள் நூற்றுக்கு 24 பேர். படிக்காதவர்களில் 39 பேர்.

இதன் வெற்றியைப் பார்த்து 1990களில் கலிபோர்னியா மாநிலம் இதையே பெரிய அளவில் எடுத்து நடத்தியது. ஐந்து வகுப்புகளை மட்டும் எடுத்துக்கொண்டார்கள், மருத்துவமனை ஊழியர் நடத்திய பகுதியை விட்டுவிட்டார்கள். பல இடங்களில் பெரியவர்களே வந்து நடத்தினார்கள். பத்தாயிரத்துக்கும் மேற்பட்ட பிள்ளைகளைப் பதினேழு மாதங்கள் கழித்து விசாரித்துப் பார்த்தபோது படித்தவர்களுக்கும் படிக்காதவர்களுக்கும் எந்த வித்தியாசமும் இல்லை. 1996ல் திட்டத்தையே நிறுத்திவிட்டார்கள். பிரியாணிக்கு மசாலாவை விட்டுவிட்டு அரிசியை மட்டும் வேகவைத்த கதை என்று நமக்குத் தோன்றுகிறது.

ஊர் கூடி நின்ற இடமும், ஊர் தளர்ந்தபோது நடந்ததும்

தெற்கு கரோலினா மாநிலத்தின் பாம்பெர்க் வட்டாரம் வசதியில்லாத நாட்டுப்புறப் பகுதி. 1980களின் தொடக்கத்தில் அங்கே ஒரு முயற்சி நடந்தது. முதல் நோக்கம், பிள்ளைகள் உறவைத் தள்ளிப்போட வேண்டும் என்பது. அதைப் பள்ளிக்கூடத்தின் தலையில் மட்டும் போட்டுவிடவில்லை. ஆசிரியர்கள் இதற்கென்று பல்கலைக்கழகப் பாடம் படித்தார்கள். பெற்றோருக்கும் தேவாலயப் பொறுப்பாளர்களுக்கும் குறுகிய வகுப்புகள் நடந்தன. உள்ளூர் வானொலியும் பத்திரிகையும் இதே செய்தியைச் சொல்லிக்கொண்டிருந்தன. ஒரு பிள்ளை பள்ளியில் கேட்டதையே வீட்டிலும் கேட்டது, ஞாயிற்றுக்கிழமை தேவாலயத்திலும் கேட்டது. 14 முதல் 17 வயதுப் பெண் பிள்ளைகளில் ஆயிரத்துக்கு 60 என்றிருந்த கர்ப்பங்கள் 25 அளவுக்கு இறங்கின என்று 1987ல் அமெரிக்க மருத்துவ சங்கத்தின் இதழ் வெளியிட்டது.

இத்தோடு நிறுத்தினால் கதை நமக்குச் சாதகமாக முடியும். ஆனால் பாதிக் கணக்கைச் சொல்வது அமானிதத்துக்கு அழகல்ல. அந்தப் பள்ளியில் இருந்த செவிலியர் பிள்ளைகளுக்குக் கருத்தடைச் சாதனங்களும் கிடைக்கச் செய்துகொண்டிருந்தார், குறைந்ததில் அதற்கும் பங்கு உண்டு என்று பின்னால் ஆராய்ந்தவர்கள் சொன்னார்கள். அது நமது வழி அல்ல என்றாலும் கணக்கில் அது இருக்கிறது. இன்னொன்றையும் அவர்கள் கண்டார்கள். செவிலியரின் அந்தச் சேவை நின்றது, பயிற்சி பெற்ற ஆசிரியர்கள் சிலர் ஊரை விட்டுப் போனார்கள், மற்றவர்களின் ஆர்வமும் தேய்ந்தது. எண்ணிக்கை மறுபடி ஏறியது.

ஒரு வருடம் நடத்திவிட்டு, போட்டோ எடுத்து, இந்த இதழின் அட்டையில் போட்டுவிட்டு மறந்துபோகும் பழக்கம் நம்மிடமும் இருக்கிறது. இலவச டியூஷன் திட்டத்துக்கு என்ன ஆயிற்று என்று வாசகர்கள் நம்மைக் கேட்டால் நமக்கும் பதில் சொல்லச் சிரமம்தான்.

பணமும் உறுதிமொழியும்

1996ல் பில் கிளிண்டன் கையெழுத்திட்ட சமூகநலச் சட்டத்தில் தன்னடக்கக் கல்விக்கென்று ஆண்டுக்கு ஐந்து கோடி டாலர் ஒதுக்கினார்கள். மைய அரசு நான்கு டாலர் கொடுத்தால் மாநிலம் மூன்று டாலர் போட வேண்டும். பாடம் எப்படி இருக்க வேண்டும் என்பதற்கு எட்டு நிபந்தனைகளைச் சட்டத்திலேயே எழுதினார்கள். திருமணத்துக்குள் மட்டுமே உறவு என்பதுதான் எதிர்பார்க்கப்படும் ஒழுங்கு என்பது அவற்றில் ஒன்று. படிக்கும்போது ஏதோ நமது ஜமாஅத் தீர்மானம் போலவே இருக்கிறது. 2000க்குப் பிறகு சமூக அமைப்புகளுக்கும் சமய அமைப்புகளுக்கும் நேரடியாகவே பணம் போனது.

விளைவு என்ன என்று பார்க்க அரசாங்கமே ஓர் ஆய்வுக்கு ஏற்பாடு செய்தது. 2007ல் அறிக்கை வந்தது. நான்கு ஊர்த் திட்டங்கள், 2,057 பிள்ளைகள். யார் பாடத்தில் சேர்வது, யார் சேராதது என்பதைக் குலுக்கல் முறையில் பிரித்து, நான்கிலிருந்து ஆறு ஆண்டுகள் கழித்து விசாரித்தார்கள். பாடம் படித்தவர்களில் விலகியிருந்தவர்கள் ஏறத்தாழ பாதிப் பேர், நூற்றுக்கு 49. படிக்காதவர்களிலும் 49. தவறியவர்கள் முதலில் தவறிய சராசரி வயது இரு தரப்பிலும் 14.9. அத்தனை பணத்துக்கும் அத்தனை உழைப்புக்கும் இரண்டு தட்டும் சமமாக நின்றன.

அதே அறிக்கையில் ஒரு செய்தியை நாம் அடிக்கோடிட்டு வைத்துக்கொண்டோம். விலகியிருப்பதை ஆதரிக்கும் நண்பர்கள் எந்தப் பிள்ளைக்கு இருந்தார்களோ, அந்தப் பிள்ளை விலகியிருந்தது. அந்த நண்பர் ஆதரவோ வயது ஏற ஏறக் கரைந்துகொண்டே போனது. பாடங்கள் நடந்தது சின்ன வகுப்புகளில். சோதனை வந்தது உயர்நிலை வகுப்புகளில். அந்த நேரத்தில் அருகில் யாருமில்லை.

உறுதிமொழி விஷயத்துக்கு வருவோம். 1993ல் அமெரிக்கக் கிறிஸ்தவ சபை ஒன்று, திருமணம் வரை காத்திருப்பேன் என்று பிள்ளைகள் அட்டையில் கையெழுத்திடும் இயக்கத்தைத் தொடங்கியது. இலட்சக்கணக்கானோர் கையெழுத்திட்டார்கள். 2001ல் வெளியான ஓர் ஆய்வு, கையெழுத்திட்டவர்கள் சராசரியாக ஒன்றரை ஆண்டு தாமதித்தார்கள் என்றது. நல்ல செய்திதான். கூடவே, பள்ளியில் கையெழுத்திட்டவர்கள் மிக அதிகமானால் அந்தப் பலன் மறைந்துபோனது என்றும் சொன்னது. சிலர் கூடி நின்று உறுதியெடுக்கும்போது அது அவர்களுக்கு ஓர் அடையாளமாக, பிடிமானமாக இருந்தது. எல்லோரையும் வரிசையில் நிறுத்திக் கையெழுத்து வாங்கியபோது அது வெறும் வருகைப் பதிவேடாகிவிட்டது. 2009ல் வெளியான இன்னோர் ஆய்வில், பிள்ளையின் குடும்பம், பக்தி, நினைப்பு எல்லாம் ஒத்திருந்தவர்களையே தேர்ந்தெடுத்து, கையெழுத்திட்டவர்களையும் இடாதவர்களையும் ஐந்து ஆண்டுகள் கழித்து ஒப்பிட்டார்கள். நடத்தையில் வித்தியாசம் இல்லை. கையெழுத்திட்டவர்களில் நூற்றுக்கு 82 பேர், நாங்கள் அப்படி எந்த உறுதியும் எடுக்கவில்லையே என்றார்கள்.

சத்தியம் என்பது நமது மார்க்கத்தில் விளையாட்டல்ல. முறித்தால் பரிகாரம் என்ன என்று ஃபிக்ஹு நூல்களில் தனிப் பாடமே இருக்கிறது. பதிமூன்று வயதுப் பிள்ளையிடம், அது என்னவென்று புரிய வைக்காமலே, கூட்டத்தோடு கூட்டமாக வாங்கும் உறுதிமொழியை நாம் ஏற்பாடு செய்வதில் நமக்கு விருப்பமில்லை.

மிட்டாய்

இதை எழுதலாமா வேண்டாமா என்று பல நாள் யோசித்தோம்.

எலிசபெத் ஸ்மார்ட் என்ற பெண்ணை அமெரிக்காவில் பலருக்கும் தெரியும். 2002ல், 14 வயதில், தன் வீட்டுப் படுக்கையறையிலிருந்து கத்தி முனையில் கடத்தப்பட்டு, ஒன்பது மாதம் கொடுமைக்குள்ளாகி மீட்கப்பட்டவர். மார்க்கப் பற்றுள்ள மார்மன் குடும்பத்துப் பிள்ளை. 2013ல் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழகத்தில் பேசும்போது தான் சிறுமியாகக் கேட்ட ஒரு பாடத்தை நினைவுகூர்ந்தார். திருமணத்துக்கு முன் தவறுகிறவரை, மென்று துப்பிய சூயிங்கத்துக்கு ஒப்பிட்டுச் சொன்னாராம் ஓர் ஆசிரியை. கடத்தியவனின் பிடியில் இருந்தபோது அவருக்கு அதுதான் நினைவுக்கு வந்தது. தான் இனி யாருக்கும் வேண்டாத பொருள், பிறகு தப்பிப் போய் என்ன ஆகப்போகிறது என்று தோன்றியதாகச் சொன்னார்.

சில ஆண்டுகளுக்கு முன் நமது மண்டபத்தில் மாணவிகளுக்கு ஒரு நிகழ்ச்சி நடத்தினோம். வெளியூரிலிருந்து பேச்சாளரை அழைத்திருந்தோம். அவர் கையில் இரண்டு மிட்டாய்கள். ஒன்று உறையோடு, ஒன்று உறை பிரித்தது. பிரித்ததைத் தரையில் போட்டு எடுத்துக் காட்டி, இதை யார் வாங்குவீர்கள் என்று கேட்டார். பிள்ளைகள் சிரித்தார்கள். நாமும் மேடையோரம் உட்கார்ந்து, நல்ல உவமை என்று தலையாட்டினோம். இதே உவமையை நீங்களும் பல இடங்களில் கேட்டிருப்பீர்கள்.

அந்தக் கூட்டத்தில் ஒரு பிள்ளை உட்கார்ந்திருந்தது. அதன் படம் ஒன்று ஒருவன் கைபேசியில் இருந்தது. அதை வைத்து அவன் மிரட்டிக்கொண்டிருந்தான். யாரிடமாவது சொல்லலாம் என்ற எண்ணத்தோடுதான் அன்று அது மண்டபத்துக்கு வந்திருந்ததாம். மிட்டாயைப் பார்த்த பிறகு சொல்லவில்லை. அதற்குப் பிறகு நான்கு மாதம் அந்த மிரட்டல் தொடர்ந்தது. கடைசியில் நமது தையல் வகுப்பை நடத்தும் சகோதரியிடம் ஒருநாள் அழுதுவிட்டது. "நான் பிரிச்ச மிட்டாய்தானேக்கா" என்று கேட்டதாம். அத்தா அம்மாவிடம் பக்குவமாகப் பேசி, புகார் கொடுத்து, அவன் கையிலிருந்ததை அழிக்க வைத்து, அல்ஹம்துலில்லாஹ், அந்தப் பிள்ளை இன்று படிப்பைத் தொடர்கிறது. அதன் சம்மதத்தோடுதான் இவ்வளவும் எழுதுகிறோம். அந்த நான்கு மாதத்துக்கு நமக்கும் பங்கு உண்டு. பேச்சாளரை அழைத்தவர்கள் நாம், மண்டபம் நம்முடையது.

தவறு செய்யாத, தவறிழைக்கப்பட்ட பிள்ளையையும் அந்த மிட்டாய் அதே தட்டில் வைத்துவிட்டது. தவறியே போன பிள்ளைக்குத்தான் என்ன? தவ்பாவின் வாசல் திறந்திருக்கிறது என்று ஜும்ஆ பயானில் கேட்டுவிட்டு வந்து, பிள்ளைகளிடம் மட்டும் அந்த வாசலைச் சாத்திவிட நமக்கு யார் அதிகாரம் கொடுத்தது?

பயமுறுத்தும் ஆசையில் பொய்யும் நுழைந்துவிடும். 2004ல் அமெரிக்க நாடாளுமன்ற உறுப்பினர் ஹென்றி வாக்ஸ்மன் அலுவலகம், அரசுப் பணம் பெற்ற அமைப்புகள் அதிகம் பயன்படுத்திய 13 பாடத்திட்டங்களைப் பிரித்துப் படித்தது. பதினொன்றில் தவறான அல்லது திரிக்கப்பட்ட செய்திகள் இருந்தன. வியர்வையாலும் கண்ணீராலும் எச்.ஐ.வி. தொற்றும் ஆபத்து உண்டு என்று ஒன்றில் எழுதியிருந்தது. இப்படி ஒன்று பொய்யென்று பிள்ளைக்குத் தெரிந்துவிட்டால், நாம் சொன்ன மெய்யும் சேர்ந்தே போகும். இப்போதெல்லாம் தெரிய ஒரு நிமிடம்கூட ஆகாது.

தன்னடக்கக் கல்வியே பயனற்றது என்று இதையெல்லாம் வைத்து முடிவுகட்டிவிட வேண்டாம். 2010ல் பென்சில்வேனியா பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஜெம்மட் குழுவினர் ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். ஏழைக் கறுப்பினக் குடும்பங்களின் பிள்ளைகள் 662 பேர், ஆறாம் ஏழாம் வகுப்பு, சராசரி வயது 12. ஒரு பிரிவுக்கு விலகியிருத்தலை மட்டுமே கற்பிக்கும் எட்டு மணி நேர வகுப்பு. சிறு சிறு குழுக்களாக உட்கார்த்தி, உன் எதிர்காலத்தில் என்ன ஆக விரும்புகிறாய், இது அதற்கு எப்படிக் குறுக்கே வரும் என்று பிள்ளைகளையே யோசிக்க வைத்தார்கள். மறுப்பதைப் பழக்கினார்கள். யாரையும் இழித்துப் பேசவில்லை. பிள்ளை தவறாகத் தெரிந்துவைத்திருந்ததை நடத்துபவர் திருத்தினார். இரண்டு ஆண்டுகள் கழித்து, இந்த வகுப்புக்கு வந்தவர்களில் ஏறத்தாழ மூன்றில் ஒருவர் உறவைத் தொடங்கியிருந்தார்கள். பொதுவான சுகாதாரப் பாடம் மட்டும் கேட்ட பிரிவில் ஏறத்தாழ பாதிப் பேர். இந்த வகுப்பில் அவர்கள் சொன்ன எல்லை 'திருமணம் வரை' என்பதல்ல, 'நீ பக்குவப்படும் வரை' என்பது. அது நமக்கு ஏற்புடையதல்ல. நமது எல்லை நிக்காஹ்தான். ஆனால் பாடம் நடத்திய விதத்தை எடுத்துக்கொள்ள எந்தத் தடையும் இல்லை.

அந்த விதம் நமக்குப் புதிதும் அல்ல. இமாம் அஹ்மத் அவர்களின் முஸ்னதில் அபூ உமாமா (ரலி) அறிவிக்கும் ஒரு சம்பவத்தை ஆலிம்கள் அறிவார்கள். ஓர் இளைஞர் நபி (ஸல்) அவர்களிடம் வந்து, விபச்சாரத்துக்கு அனுமதி தாருங்கள் என்றே கேட்டுவிட்டார். சுற்றியிருந்தவர்கள் அதட்டினார்கள். நபி (ஸல்) அவர்கள் அவரை அருகில் வரவழைத்து உட்கார வைத்தார்கள். உன் தாய்க்கு இதை விரும்புவாயா, உன் மகளுக்கு, உன் சகோதரிக்கு விரும்புவாயா என்று ஒவ்வொன்றாகக் கேட்டார்கள். ஒவ்வொன்றுக்கும் அவரே இல்லை என்றார். பிறகு அவர் மீது கை வைத்து துஆ செய்தார்கள். மணமுடிக்க வசதியில்லாத இளைஞரை நோன்பு நோற்கச் சொன்ன ஹதீஸும் நமக்குத் தெரிந்ததே. அதிலும் கூடாது என்பதோடு நிற்காமல் கையில் ஒரு வழி கொடுக்கப்பட்டிருக்கிறது.

வெட்கம் பற்றியும் ஒரு வார்த்தை. உம்மு சுலைம் (ரலி) அவர்கள் பெண்ணுக்குக் குளிப்பு எப்போது கடமையாகும் என்பதை நபி (ஸல்) அவர்களிடம் நேரடியாகவே கேட்டார்கள். மார்க்கத்தைக் கற்பதற்கு வெட்கம் தடையாக இல்லாத அன்ஸாரிப் பெண்களை ஆயிஷா (ரலி) அவர்கள் பாராட்டினார்கள். நாம் மதரஸாவில் ஓதிய காலத்தில் உஸ்தாத் தூய்மைப் பாடத்தை, ஹைழு, குளிப்பு எல்லாவற்றையும், குரல் தாழ்த்தாமல் நல்ல தமிழில் விளக்குவார். பதினைந்து பையன்கள் சிரிக்காமல் கேட்போம். பிறகு கல்லூரிக்குப் போனோம். அங்கே விலங்கியல் விரிவுரையாளர் இனப்பெருக்கப் பாடம் வந்தபோது, வீட்டில் படித்துக்கொள்ளுங்கள் என்று பக்கத்தைப் புரட்டிவிட்டார்!

பள்ளிக்கூடம் எதுவரை, மக்தப் எதுவரை

அரசுப் பள்ளி எல்லோருக்குமானது. அங்கே மாற்று மதச் சகோதரர்களின் பிள்ளைகளும் படிக்கிறார்கள். அமெரிக்காவில் தன்னடக்கக் கல்வி நடத்திய ஓர் அமைப்பு, அரசுப் பணத்தில் மதப் பிரச்சாரமும் செய்கிறது என்று 2005ல் நீதிமன்றத்தில் வழக்கு வந்து, அரசு அதற்குப் பணத்தை நிறுத்த வேண்டியதாயிற்று. நாமும் பள்ளி வகுப்பை நமது பயான் மேடையாக்கக் கூடாது. உடல் மாற்றம், மறுக்கும் திறன், கைபேசி ஆபத்து, சட்டம் ஆகியவை பள்ளியில். ஹலால், ஹராம், பார்வையைத் தாழ்த்துதல், நோன்பு, நிக்காஹ் ஆகியவை மாலை மக்தபில், அதே வாரத்தில். இரண்டும் ஒன்றுக்கொன்று முரண்படாமல் பார்த்துக்கொள்வதுதான் நமது வேலை.

நமது நாட்டிலும் இந்தச் சண்டை நடந்திருக்கிறது. 2005ல் மத்திய அரசு வளரிளம் பருவக் கல்வித் திட்டத்தைக் கொண்டுவந்தது. 2007ல் மகாராஷ்டிரம், கர்நாடகம் உட்படப் பல மாநிலங்கள் கலாச்சாரத்துக்கு ஒவ்வாது என்று அதைத் தடுத்தன. 2020ல் பள்ளி சுகாதாரத் திட்டம் என்ற பெயரில், ஒவ்வொரு பள்ளியிலும் இரண்டு ஆசிரியர்களுக்குப் பயிற்சி கொடுத்து வாரம் ஒரு மணி நேரம் என்று மீண்டும் தொடங்கினார்கள். நாம் வேண்டாம் என்றாலும் இது ஏதோ ஒரு வடிவில் வந்துகொண்டேதான் இருக்கும். உள்ளே இருந்து நல்லபடியாக நடத்த உதவுவதா, வெளியே நின்று முணுமுணுப்பதா என்பது மட்டுமே நம் கையில்.

சட்டம் பற்றி ஆண் பிள்ளைகளைப் பெற்றவர்கள் கவனிக்க வேண்டும். 2012ஆம் ஆண்டு போக்சோ சட்டப்படி 18 வயது நிரம்பாத பிள்ளையின் சம்மதம் சம்மதமே அல்ல. இருவரும் விரும்பித்தான் பழகினோம் என்று சொல்லி ஒரு பையன் தப்ப முடியாது. அதே சட்டம் ஆண் பிள்ளைக்கும் பாதுகாப்புத் தருகிறது, குற்றம் தெரிந்தவர் புகார் செய்வதைக் கடமையாக்குகிறது. 1098 என்ற இலவச எண்ணை எந்தப் பிள்ளையும் அழைக்கலாம். நமது ஊரில் எத்தனை பிள்ளைகளுக்கு இந்த எண் தெரியும் என்று வீட்டில் கேட்டுப் பாருங்கள்.

இரண்டாவது கூட்டத்தில் இவற்றையெல்லாம் வைத்தோம். தலைமை ஆசிரியைக்குச் சம்மதக் கடிதம் அனுப்புவது என்று முடிவாயிற்று. முதல் வகுப்பு பிள்ளைகளுக்கு அல்ல, அம்மாமார்களுக்கு. அடுத்த வாரம் அத்தாமார்களுக்கு. வகுப்பில் என்ன சொல்லப்படும் என்பது முழுவதும் எழுத்தில் கொடுக்கப்படும், ஹழ்ரத் அவர்களும் ஓர் அரசு மருத்துவரும் முன்கூட்டியே படித்துப் பார்ப்பார்கள். ஆணும் பெண்ணும் தனித்தனி வகுப்பு. பெயர் எழுதாமல் கேள்வி போட ஒரு பெட்டி. பிளஸ் டூ படிக்கும் பிள்ளைகள் சிலரைத் தம்பி தங்கைகளுக்குச் சொல்லிக் கொடுக்கப் பழக்குவது. எட்டாம் வகுப்போடு விட்டுவிடாமல் அதே பிள்ளைகளைப் பத்தாம் வகுப்பிலும் மறுபடி உட்கார்த்துவது. மூன்று ஆண்டுக்கான செலவைத் தனியாக எடுத்து வைத்த பிறகே தொடங்குவது. மிட்டாய், பூ, கண்ணாடி என்று எந்த உவமைப் பொருளும் யாரும் கொண்டுவரக் கூடாது என்பதையும் தீர்மானப் புத்தகத்தில் எழுதியிருக்கிறோம். எழுதும்போது ஒருவர் சிரித்தார். மற்றவர்கள் சிரிக்கவில்லை.

பெற்றோர் கூட்டம் வரும் ஞாயிறு அஸர் தொழுகைக்குப் பின் நமது மண்டபத்தில், இன்ஷா அல்லாஹ். எதிர்ப்பு உள்ளவர்கள் அவசியம் வர வேண்டும். சம்மதப் படிவத்தை அங்கேயே தருவோம். கையெழுத்திடாதவர்களின் பிள்ளைகளை வகுப்பில் உட்கார்த்த மாட்டோம்.

பெண் பிள்ளைகளின் வகுப்புக்கு உதவ நமது சகோதரிகள் நான்கு பேர் பெயர் கொடுத்துவிட்டார்கள், இருவர்தான் கேட்டிருந்தோம். ஆண் பிள்ளைகளின் வகுப்புக்கு இதுவரை ஒருவரும் வரவில்லை. படித்த, பொறுமையுள்ள, பையன்கள் முன் சங்கடப்படாமல் பேசக்கூடிய ஆண்கள் இருவர் தேவை.